வலிய நெஞ்சும் அடக்கும் மருந்தும்

இலக்கியப் பக்கத்தில் இதய மருத்துவத்திற்கு என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். எம்மை இதற்குள் இழுத்துவிட்டது ஒரு நண்பரின் கேள்வி. எம் கல்லூரியில் வேறொரு துறையில் பணியாற்றுபவர் அவர். அவருடைய மகனுக்குப் பத்தொன்பது வயது, கைப்பந்து ஆடுபவன். ஒருநாள் மாடிப்படி ஏறுகையில் கண் இருண்டு சாய்ந்தான். எக்கோ எடுத்துப் பார்த்த மருத்துவர், இதயத்தின் இடைச்சுவர் அளவு மீறித் தடித்திருக்கிறது என்றார். சுருங்கும் வலிமையில் குறையே இல்லை, சற்றுக் கூடுதல் என்றே சொல்லலாம் என்றும் கூறினார். பிறகு அந்த வலிமையைக் குறைக்கும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஆசிரியர் ஓய்வறையில் நண்பர் எம்மிடம் கேட்டார்: “ஐயா, இதயம் பலமா இருக்குன்னு அவங்களே சொல்றாங்க. பலமா இருக்கிறதை எதுக்குப் பலவீனப்படுத்தணும்? மாத்திரையோட வர்ற காகிதத்தைப் படிச்சா, அளவு கூடினா நாடித்துடிப்பே விழுந்துடும்னு போட்டிருக்கு.”

நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவர் சொன்னபடி மாத்திரையைக் கொடுங்கள், எக்காரணம் கொண்டும் தாமாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள் என்று மட்டும் அன்று சொல்ல முடிந்தது. பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: நண்பர் கேட்ட அதே கேள்வியை 1950-களின் இறுதியில் உலகின் தேர்ந்த இதய மருத்துவர்களும் கேட்டுத் திகைத்து நின்றிருக்கிறார்கள். அந்தத் திகைப்பின் வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறோம்.

லண்டனில் டொனால்ட் டியர் என்றொரு தடயவியல் பிணக்கூறாய்வாளர் இருந்தார். இயல்பு மீறிய சாவுகளே அவரது அன்றாடம். 1973-இல் ஹாங்காங்கில் இறந்த புரூஸ் லீயின் மரண விசாரணையில் சாட்சியம் அளிக்க வரவழைக்கப்பட்டவரும் இவரே. நல்ல உடல்நிலையில் இருந்த இளைஞர்கள் திடீரென விழுந்து இறந்த சில நேர்வுகளில், இதயத்தின் இரு கீழறைகளையும் பிரிக்கும் இடைச்சுவர் ஒருபுறமாகப் புடைத்துத் தடித்திருப்பதை அவர் கண்டார். நுண்ணோக்கியின் கீழ் அத்தசை நார்கள் வரிசை குலைந்து தாறுமாறாகக் கிடந்தன. 1958-இல் அவர் எழுதிய கட்டுரை இந்நோயின் நவீன வரலாற்றுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதை ஒருவகைத் தசைக்கட்டியாக இருக்குமோ என்றும் அவர் ஐயுற்றார். அந்த ஐயம் தவறு. அவர் கண்ட உருவம் சரி. பிரெஞ்சு மருத்துவர்கள் 1869-இலேயே இத்தகைய இதயங்களை விவரித்திருந்தனர் என்பதையும் இங்குக் குறித்துவிடுவோம். பிணக்கூடத்தில் கண்டதை உயிருள்ளவரின் நெஞ்சில் அறியும் கருவி அப்போது இல்லை.

அறுவை மருத்துவர்கள் வேறு வழியாக இந்நோயிடம் வந்து சேர்ந்தனர். இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்குக் குருதி செல்லும் வாயிலில் அடைப்பு என்று கணித்து நெஞ்சைத் திறந்தால், அங்கே அடைப்பைக் காணவில்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரஸ்ஸல் பிராக் இதை 1957-இல் எழுதினார். அமெரிக்காவின் பெதஸ்டாவில் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆண்ட்ரூ கிளென் மாரோ என்னும் அறுவை மருத்துவரும் யூஜீன் பிரான்வால்ட் என்னும் இளம் இதய மருத்துவரும் இதே புதிரில் சிக்கினர். பிரான்வால்ட் வியன்னாவில் பிறந்தவர்; நாஜிகளுக்குத் தப்பி 1938-இல் குடும்பத்தோடு வெளியேறியவர். கதீட்டரைச் செலுத்தி அளந்தபோது கீழறைக்குள் ஓர் அழுத்தம், வாயிலைத் தாண்டினால் அதைவிட மிகக் குறைந்த அழுத்தம். இடையில் ஏதோ தடை இருந்தே ஆகவேண்டும். தோலோ சவ்வோ இருக்கும், வெட்டி எடுக்கலாம் என்று மாரோ இதயத்தை நிறுத்தித் திறந்தார். தளர்ந்து கிடந்த அந்த இதயத்தின் வாயில் தாராளமாக இருந்தது. மூடிவிட்டு மீண்டும் துடிக்கவிட்டு அளந்தால் பழைய அழுத்த வேறுபாடு அப்படியே இருந்தது.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். கணித்தவர் தவறினாரா, கத்தி பிடித்தவர் தேடத் தவறினாரா என்பதாக அந்த அறையில் பேச்சு எழுந்திருந்தால் வியப்பில்லை. இருவரும் தவறவில்லை என்பதுதான் கண்டுபிடிப்பு. நின்ற இதயத்தில் அடைப்பு இல்லை. துடிக்கும் இதயத்தில் உண்டு. அது ஒரு பொருளாக அங்கே கிடக்கவில்லை, ஒவ்வொரு துடிப்பிலும் அந்த இதயமே அதை உண்டாக்கிக்கொள்கிறது. தடித்த இடைச்சுவர் வாயிலை நெருக்குகிறது. நெருக்கிய வழியே விரையும் குருதி அருகிலுள்ள ஈரிதழ் வால்வின் இதழைத் தன் பக்கம் இழுத்து வாயிலின் குறுக்கே நிறுத்துகிறது. இதயம் எத்துணை வலிந்து சுருங்குகிறதோ, அத்துணை இறுகத் தன் வாயிலைத் தானே மூடிக்கொள்கிறது. ‘உறுப்பில் அடைப்பு இல்லாத வாயிலடைப்பு’ என்னும் பொருள்பட 1959-இல் அவர்கள் அதை எழுதினார்கள்.

இதை நோயாளியின் நெஞ்சைத் திறக்காமலே காட்டும் ஒரு சோதனையை பிராக்கன்பரோ, பிரான்வால்ட், மாரோ மூவரும் 1961-இல் விவரித்தனர். எவருக்கும் இதயம் இடையிடையே ஒரு துடிப்பை முந்தித் துடித்துவிட்டுச் சிறிது ஓய்ந்து, அடுத்த துடிப்பைப் பலமாகத் துடிக்கும். சாதாரண இதயத்தில் அந்தப் பலத்த துடிப்பில் நாடியும் பொங்கும். இந்நோயாளியின் நாடியோ மெலிகிறது. இதயம் கூடுதலாக உழைத்த துடிப்பில் உடலுக்குக் கிடைத்தது குறைவு. நண்பரின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நாம் எங்கும் படிக்கவில்லை.

இதன் விளைவு மருந்துப் பெட்டியையே தலைகீழாக்கியது. மற்ற இதயங்களைத் தூக்கி நிறுத்தும் டிஜிட்டாலிஸ் இங்கே கேடு. நெஞ்சுவலிக்கு நாவடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் குருதிக்குழாய்களை விரித்து இதயத்தைக் காலியாக்கி அடைப்பைக் கூட்டுகிறது. இதயத்தை முடுக்கும் ஐசோபுரெனலின் அடைப்பை உண்டாக்கியே காட்டுகிறது. அப்படியானால் முடுக்குவதற்கு எதிரான மருந்து வேண்டும். அத்தகைய ஒன்று அதே ஆண்டுகளில் வேறொருவர் மேசையில் வேறொரு நோய்க்காக உருவாகிக்கொண்டிருந்தது.

ஜேம்ஸ் பிளாக் ஸ்காட்லாந்துக்காரர், சுரங்கப் பொறியாளரின் மகன். மருத்துவம் படித்து முடித்ததும் கடன் நெருக்க, 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். திரும்பி கிளாஸ்கோவின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் துறையைத் தொடங்கினார். நெஞ்சுவலிக்கு மருந்து தேடிய பிறர் இதயத்துக்கு ஆக்சிஜன் வரத்தைக் கூட்ட முனைந்தபோது, இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். அதற்கான திறவுகோல் ஓர் அமெரிக்கரின் கட்டுரையில் கிடந்தது. ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியின் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் 1948-இல், அட்ரினலின் உடலில் செயற்படும் இடங்கள் ஆல்ஃபா, பீட்டா என இருவகை என்று எழுதியிருந்தார். மருந்தியல் இதழ் அதை ஏற்க மறுத்தது. உடலியங்கியல் இதழில் வெளிவந்து பத்தாண்டுகள் ஏறக்குறைய எவர் கவனத்துக்கும் வராமல் இருந்தது. இதயத்தை முடுக்குவது பீட்டா ஏற்பி. அந்தப் பூட்டில் நுழைந்து, திறக்காமல் அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு சாவியைச் செய்யவேண்டும் என்று பிளாக் 1958-இல் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சேர்ந்தார்.

முதலில் வந்தது புரொனெதலால். ஆய்வகம் இருந்த ஆல்டர்லி பார்க்கின் பெயரால் அதற்கு ஆல்டர்லின் என்று வணிகப்பெயர். சுண்டெலிகளில் அது தைமஸ் சுரப்பியில் கட்டிகளை உண்டாக்குவது தெரிந்ததும் கைவிடப்பட்டது. அடுத்து 1964-இல் அறிவிக்கப்பட்டது புரோப்ரனலால். அதன் வணிகப்பெயர் இண்டெரல். ஆல்டர்லின் என்பதன் ஆங்கில எழுத்துகளில் ஓர் ‘எல்’லை உதிர்த்து இடம் மாற்றினால் இப்பெயர் வரும். நம் சித்திரகவிப் புலவர்கள் மெச்சியிருப்பார்கள். பிளாக் 1988-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்; 2010-இல் மறைந்தார்.

பெதஸ்டா குழுவினர் புரோப்ரனலாலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. கைவிடப்படவிருந்த அந்த முதல் மருந்தையே நோயாளிகளுக்குக் கொடுத்து, ஐசோபுரெனலின் எழுப்பும் அடைப்பை அது தணிப்பதை 1964-இன் தொடக்கத்தில் வெளியிட்டனர். 1966-இல் லண்டனில் குட்வின் குழுவினர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், பீட்டா தடுப்பு இந்நோயில் எவ்வாறு பயன்படுகிறது என்பது ஆராயப்பட்டது. ஆசிரியர் வரிசையின் முதற்பெயர் செரியன் என்றும், இடையில் ஷா என்றும் இருப்பது நம் கண்ணில் படத்தான் செய்கிறது. மருந்து செய்வது எளிய காரியம். நாடியின் வேகம் குறைகிறது. இரு துடிப்புகளுக்கிடையில் இதயம் நிரம்ப நேரம் கிடைக்கிறது. நிரம்பிய அறையில் சுவரும் இதழும் விலகி நிற்கின்றன. சுருக்கத்தின் மூர்க்கம் தணிவதால் இதழ் இழுபடுவதும் குறைகிறது.

இனி நண்பர் படித்த காகிதத்தின் மறுபாதிக்கு வருவோம். பீட்டா ஏற்பி இதயத்தில் மட்டும் இல்லை. நுரையீரல் குழல்களில் உண்டு. ஆகவே ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு இறுகலாம். சர்க்கரை குறையும்போது உடல் தரும் எச்சரிக்கைப் படபடப்பையும் இம்மருந்து மறைத்துவிடும். அளவு மீறி விழுங்கப்பட்டால் நாடி விழுகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது, இதயம் சுருங்கவே சோம்புகிறது. புரோப்ரனலால் கொழுப்பில் கரைவதால் மூளைக்குள்ளும் எளிதில் புகுந்து வலிப்பை உண்டாக்கும். இதயத்தின் சோடியம் வழிகளையும் அடைத்து மின்னோட்டத்தைக் குலைக்கும். ஒரே குடும்பத்து மருந்துகளில் இதன் நஞ்சுத்தன்மைக்குத் தனி அச்சம் உண்டு. 1970-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த பிராக்டோலால் வேறு கதை. அளவு மீறாமலே, நெடுநாள் உண்டவர்களில் சிலருக்குக் கண்களை வறளச்செய்து பார்வையைக் கெடுத்தது. வயிற்றுள் சவ்வைத் தடிக்கச்செய்தது. 1970-களின் நடுவில் மாத்திரை வடிவம் திரும்பப் பெறப்பட்டது.

அளவு மீறியவரை மீட்பது எப்படி? அட்ரினலினைக் கொட்டினாலும் அது போய்த் தட்டவேண்டிய கதவை மருந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. மீட்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1923-இல் கிம்பால், மர்லின் என்னும் இருவர் கணையச் சாற்றில் இன்சுலினுக்கு எதிராகச் சர்க்கரையை ஏற்றும் ஒரு பொருள் கலந்திருப்பதைக் கண்டு குளூக்ககான் என்று பெயரிட்டனர். பின்னாளில் அது இதயத்தையும் முடுக்குவது தெரிந்தது. பீட்டா ஏற்பியைத் தொடாமல், தனக்கென உள்ள வேறொரு ஏற்பியின் வழியாக அதே உட்புற வினையை அது தொடங்கிவைக்கிறது. முன்வாயில் பூட்டிய வீட்டில் கொல்லைப்புறமாக நுழைவது போல. 1970-களிலிருந்து இது பீட்டா தடுப்பான் நஞ்சுக்கு மாற்றாகக் கையாளப்படுகிறது. சர்க்கரை தாழ்ந்தவருக்கு ஒரு மில்லிகிராம் போதும். இங்கே தொடக்கத்திலேயே 5 முதல் 10 மில்லிகிராம் தேவை. வாந்தி வரும், ஒரு சாதாரண மருத்துவமனையின் இருப்பு விரைவில் தீர்ந்தும் போகும். 1997-இல் நாய்களில் நடந்த ஓர் ஆய்வுக்குப் பின்னர், மிகப் பெரிய அளவில் இன்சுலினும் கூடவே சர்க்கரையும் கொடுத்துச் சோர்ந்த இதயத்தசையை இயக்கும் முறையும் பரவியது.

எம்மை உறங்கவிடாமல் செய்த முடிச்சு இதற்கடுத்தது. இந்த மாற்று மருந்துகளில் பலவும் செய்வது இதயத்தை முடுக்குவதையே. தடித்த இடைச்சுவர் கொண்ட நோயாளி ஒருவர், ஏக்கத்திலோ தவறுதலாகவோ தம் மாத்திரைகளை அளவு மீறி விழுங்கிவிட்டு அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார் என்று கொள்வோம். அழுத்தம் தாழ்ந்திருக்கிறது. அது மருந்தின் நஞ்சினால் தசை சோர்ந்ததாலா? அன்றிக் குருதி வற்றி, குழாய்கள் விரிந்து, பழைய அடைப்பு தலைதூக்கியதாலா? முன்னதாயின் முடுக்கவேண்டும். பின்னதாயின் முடுக்குவது கொலைக்கு ஒப்பு. அங்கே வேண்டுவது நரம்பு வழியே திரவமும், இதயத்தைத் தொடாமல் குழாய்களை மட்டும் இறுக்கும் ஃபினைலெஃப்ரின் போன்ற மருந்தும். முன்னதற்கு மருந்து கொடுத்துக்கொண்டே போகையில், சோர்வு தெளிந்த கணத்தில் நோய் பின்னதாக மாறிவிடவும் கூடும். படுக்கையருகே எக்கோ கருவியை வைத்துக்கொண்டு கணந்தோறும் பார்த்து முடிவு செய்வதன்றி வேறு வழியில்லை. நோயாளிக்கு இந்நோய் உண்டு என்று உடன்வந்தவர் முதலிலேயே சொல்லியாக வேண்டும். நண்பரிடம் நாம் திரும்பத் திரும்ப வற்புறுத்தியது இதைத்தான். தமிழாசிரியர் என்பதால் இவ்விடத்தில் ஒரு குறளை எழுதிவிடக் கை துறுதுறுக்கிறது, அடக்கிக்கொள்கிறோம்.

மருந்தின் சுமை நஞ்சாகும் அளவில் மட்டும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் புகழ்பெற்ற ஹாங்க் கேதர்ஸ் 1989 டிசம்பரில் ஆட்டத்தின் நடுவே மயங்கி விழுந்தார். இதயத்துடிப்பு பிறழ்ந்திருந்தது, புரோப்ரனலால் கொடுக்கப்பட்டது. அது தம் வேகத்தை மழுங்கடிக்கிறது என்பது அவரது குறை. அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1990 மார்ச் 4 அன்று தம் கல்லூரி அரங்கிலேயே மீண்டும் விழுந்து, 23-ஆம் வயதில் இறந்தார். அவருடையது இதயத்தசை நோய்; நாம் பேசிவரும் வகையே அது என்று பலரும் எழுதினாலும் அவ்வாறு அறுதியிட நாம் துணியோம். வலக்கையரான அவர் இலவச எறிதலை மட்டும் இடக்கையால் எறியப் பழகியவர். அவர் இறந்தபின் தேசியப் போட்டிகளில், பால்ய நண்பர் போ கிம்பிள் ஒவ்வோர் ஆட்டத்திலும் தம் முதல் இலவச எறிதலை இடக்கையால் எறிந்தார். சிறு வயதில் ஓடுபவனுக்கு நாடியை அடக்கும் மாத்திரை என்ன பொருள் தரும் என்பதை நாற்பதைக் கடந்த நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

மருந்தால் தணியாதவர்களுக்கு மாரோ ஒரு வழி கண்டார். பெருந்தமனி வழியே கத்தியைச் செலுத்தி, புடைத்த இடைச்சுவரில் ஒரு பகுதியைச் செதுக்கி எடுப்பது. அது அவர் பெயராலேயே வழங்குகிறது. தேர்ந்த மையங்களில் இன்று இதில் உயிரிழப்போர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. 1994-இல் உல்ரிச் சிக்வார்ட், அச்சுவருக்குச் செல்லும் சிறு தமனியில் சாராயத்தைச் செலுத்தி அவ்விடத்தசையை மட்டும் மடியவைக்கும் மாற்று வழியைத் தொடங்கினார். திடீர்ச் சாவைத் தடுக்க மருந்தை நம்பியிருக்க முடியாது என்பதும் காலப்போக்கில் தெளிவாயிற்று. ஆபத்து மிகுந்தவர்களுக்கு நெஞ்சில் பொருத்தும் மின்னதிர்வுக் கருவியே அதற்குத் துணை.

மாரோ 1982-இல் இறந்தார். அவருக்கும் இதே நோய் இருந்தது. யாருடைய இடைச்சுவர்களைச் செதுக்கிப் பிழைக்கவைத்தாரோ, அவர்களுடைய நோயே அவர் நெஞ்சிலும் இருந்திருக்கிறது. அவருடன் பணியாற்றிய பாரி மேரனும் வில்லியம் ராபர்ட்ஸும் 2016-இல் இதை விரிவாக எழுதியபோது, நம்ப இயலாத கதை என்றே தலைப்பில் குறித்தனர். 1958-இல் தளர்ந்த இதயம் ஒன்றின் வாயிலில் விரலிட்டு, அடைப்பு எங்கே என்று அவர் தேடிய கணத்தை இப்போது நினைக்கையில் நமக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது.

நோய் குடும்பவழி வருவது 1960-களின் தொடக்கத்திலேயே தெரியும். கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பெருங்குடும்பம் ஒன்றை ஆராய்ந்து, 1989-இல் பதினான்காம் குரோமோசோமையும், 1990-இல் மயோசின் என்னும் தசைப்புரதத்தின் மரபணுவில் உள்ள ஓர் எழுத்துப்பிழையையும் ஹார்வர்டில் சைட்மன் இணையரின் குழு கண்டறிந்தது. 2009-இல் வந்த செய்தி நமக்கு அண்மையது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணியை முதல் ஆசிரியராகக் கொண்ட குழு, வேறொரு தசைப்புரத மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வகை தெற்காசியர்களில் நூற்றுக்கு நால்வரிடம் இருப்பதையும், அது இதயத்தசை நோயோடு தொடர்புடையது என்பதையும் அறிவித்தது. அதைச் சுமப்பவர் அனைவரும் நோயாளி ஆவதில்லை.

அறுபதாண்டுக் காலம் முதல் மருந்தாக நின்ற பீட்டா தடுப்பானுக்கு முறையான ஒப்பீட்டுச் சான்று மிகக் குறைவாகவே இருந்தது என்பது எமக்கு வியப்பளித்தது. 2021-இல் டென்மார்க்கில் 29 நோயாளிகளிடம் மெட்டோபுரோலாலை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். அடைப்பும் தொல்லைகளும் குறைந்தன. உழைக்கும் திறன் கூடவில்லை. 2022-இல் அமெரிக்காவில் மாவகாம்டென் ஒப்புதல் பெற்றது. அது ஏற்பியைத் தொடுவதில்லை. மயோசினையே நேரடியாகத் தளர்த்துகிறது. 2025-இல் அதன் இனத்தைச் சேர்ந்த அஃபிகாம்டென் மெட்டோபுரோலாலோடு நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டு, உழைக்கும் திறனில் முந்தியது. அடக்கும் மருந்து மாறலாம். அடக்கம் மிகுந்தால் இதயம் சோரும் அச்சம் இதிலும் உண்டு. ஆகவேதான் மாவகாம்டென் உண்பவருக்குக் குறித்த கால இடைவெளியில் எக்கோ எடுத்துப் பார்ப்பது கட்டாயமாக்கப்பட்டது.

நண்பரிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பிராக்கன்பரோவின் சோதனையை மட்டும் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். அவர் நெடுநேரம் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் இப்போது கைப்பந்துத் திடலில் கோட்டுக்கு வெளியே அமர்ந்து புள்ளி குறிக்கிறான். மாத்திரையைத் தவறாமல் உண்கிறான். பெற்றோரும் உடன்பிறந்தோரும் எக்கோ எடுத்துப் பார்க்கவேண்டும் என்று மருத்துவர் அன்றே சொல்லியிருக்கிறார். மனைவிக்கும் மகளுக்கும் எடுத்தாயிற்று. தமக்கு எடுக்க நண்பர் அடுத்த திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டாம் மணி வகுப்பை எம்மைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.